தறி எண்ணெய் குடித்த பிரேக்

திருத்தணி,
ஆடி மாதம், 1985.

சிரஞ்சீவி பரசுராமனுக்கு உன் நைனா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம். மஸ்கட் வெயிலில் நீயும் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் காபி குடிக்கிறேன். உன் கடிதமும் போட்டோவும் வந்தன. நீ இளைத்துத் தெரிகிறாய் என்று அம்மாவுக்கு வருத்தம், போட்டோ எடுத்தவன் தூரத்தில் நின்று எடுத்திருப்பான் என்று சொல்லி வைத்தேன், எனக்கும் நீ இளைத்ததாகவே தோன்றியது என்பதால் பதிலில் உன் எடையை மட்டும் எழுது. இனி எழுதப் போவதை நிதானமாகப் படி, பதற வேண்டாம். எழுதலாமா கூடாதா என்று பல நாள் யோசித்தேன், இரண்டு தாளைக் கிழித்தும் போட்டேன்.

விஷயம் உன் வண்டியைப் பற்றியது. துறைமுக ஏலத்தில் நீ எடுத்த அந்தப் பழைய ஜப்பான் மோட்டார் சைக்கிளைப் போகும்போது உன் அக்கா கமலா வீட்டில் விட்டுப் போனாய். பொதட்டூர்பேட்டையிலிருந்து லுங்கிக் கட்டுகளை அரக்கோணத்துக்குக் கொண்டுபோய் ரயிலில் ஏற்ற உன் பாவா ராஜவேலுவுக்கு அது இல்லாமல் முடியாது என்று ஆகிவிட்டது. நான் குறை சொல்லவில்லை, துடைத்துப் பளபளவென்றுதான் வைத்திருக்கிறார். ஆனால் அதன் முன் சக்கரத்தில் இருப்பது மற்ற வண்டிகளைப்போல் கம்பி இழுக்கிற பிரேக் அல்ல, எண்ணெயின் அழுத்தத்தால் இரும்புத் தட்டைக் கவ்வுகிற பிரேக். அந்த எண்ணெய்க்கென்று கைப்பிடி அருகே ஒரு சின்னக் கிண்ணம் இருக்கிறதே, அதில் மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருப்பதை மாப்பிள்ளை பார்த்திருக்கிறார். தறிக் கொட்டகையிலேயே வளர்ந்தவர், எண்ணெய் குறைந்த இடத்தில் எண்ணெய் விடுவது அவர் கைக்குப் பழகிப்போன காரியம். விசைத்தறிக்கு விடுகிற மெல்லிய எண்ணெயைத் தறிக் குப்பியிலிருந்தே கோடு வரைக்கும் விட்டு மூடியைத் திருகிவிட்டார். பார்ப்பதற்கு இரண்டு எண்ணெயும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன, அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

கொஞ்ச நாளில் பிரேக் பிடி கல்போல இறுகிவிட்டது. பிடித்தால் பிடிக்கிறது, விட்டால் விடுவதில்லை. மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலை, சாலைத் திருப்பத்தில் முன் சக்கரம் பூட்டிக்கொண்டு மாப்பிள்ளை வண்டியோடு கரும்புக் கொல்லையில் விழுந்தார். முழங்கால் தோல் உரிந்ததோடு போயிற்று. சக்கரத்து இரும்புத் தட்டின்மேல் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஆவி வந்ததாம். சூடு ஆறிய பிறகு தானாகவே விட்டிருக்கிறது, அதை ஓட்டிக்கொண்டே வீடு வந்திருக்கிறார். இதை அவர் சொல்லவில்லை, கமலா சொல்லித்தான் எனக்குத் தெரியும். இங்கே முனியன் ஒர்க் ஷாப்புக்கு எடுத்து வந்தார். முனியன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, நமக்குத் தெரியாத சமாச்சாரம், கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். பிறகு மாப்பிள்ளையே அரக்கோணத்தில் லாரி சாமான் கடையில் சரியான பிரேக் எண்ணெய் வாங்கி வந்து, நம் வீட்டு வாசலில் வைத்துப் பழையதை வடித்தார். கீழே இருக்கும் திருகில் ரப்பர் குழாயைச் செருகி, மறுமுனையைப் பாட்டில் எண்ணெயில் முக்கி, அவர் திருகைத் திறக்கும்போது நான் பிடியை அழுத்துவதும் மூடிய பின் விடுவதுமாகக் காற்றுக் குமிழி நிற்கும் வரை செய்தோம். பிடி மறுபடி பதமாக வந்துவிட்டது. மாப்பிள்ளைக்குச் சந்தோஷம்.

எனக்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது. நீ விட்டுப்போன ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து அந்த அத்தியாயத்தைப் பென்சிலால் கோடிட்டுப் படித்தேன். வேறு எண்ணெய் உள்ளே போய்விட்டால் எண்ணெயை மட்டும் மாற்றிப் பயனில்லை, ரப்பர் அத்தனையும் ஊதிக் கெட்டிருக்கும், எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டும் என்று இருக்கிறது. எண்ணெய் திரும்பி வருகிற ஊசித் துளையை ஊதிய ரப்பர் அடைத்துக்கொள்கிறது, அதனால்தான் பிரேக் விடுவதில்லை. சூடேறினால் இன்னும் மோசம். இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் நீரழுத்தப் பாடம் நடத்தியிருக்கிறேன், கரும்பலகையில் படம் போட்டதைத் தவிர ஒரு பிரேக்கைத் தொட்டதில்லை, ஆகவே நான் படித்ததைத் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று எனக்கே சந்தேகம். அதே லாரிக் கடையில் ஒரே அளவில் இரண்டு பிரேக் ரப்பர் வாங்கி, ஒன்றைப் பிரேக் எண்ணெயிலும் மற்றதைத் தறி எண்ணெயிலுமாக இரண்டு டம்ளரில் போட்டு அலமாரியில் வைத்தேன். தினமும் எடுத்துத் துடைத்துப் பார்ப்பேன். பிரேக் எண்ணெயில் கிடந்தது அப்படியே இருந்தது. தறி எண்ணெயில் கிடந்தது ஊறின அப்பளம்போலத் தளர்ந்து, பருத்து, மற்றதன் பக்கத்தில் வைத்தால் வேறு சாமானோ என்று தோன்றியது.

இந்த நிலையில் கமலாவின் குழந்தைக்கு மலைமேல் மொட்டைக்கும் காதுகுத்துக்கும் நாள் குறித்தாயிற்று. முதல் நாளே மூன்று பேரும் அந்த வண்டியிலேயே வந்து இறங்கினார்கள், மறுநாள் அதிலேயே மலைப் பாதையில் ஏறப் போகிறோம் என்றும் சொன்னார்கள். ஏறுவது பற்றி எனக்குக் கவலையில்லை. இறங்கும்போது பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட வேண்டும், சூடேறும், ஒரு வளைவில் சக்கரம் பூட்டிக்கொண்டால் பக்கத்தில் கரும்புக் கொல்லை இல்லை. இதை அம்மாவிடம் சொன்னேன். மாப்பிள்ளையை எதிர்த்துப் பேசினால் நாளைக்கு என் பெண் இந்த வாசப்படி மிதிக்க வேண்டாமா என்று அவளும் பயந்தாள். அது உனக்குத் தெரியாததல்ல, இத்தனை வருஷத்தில் நான் மாப்பிள்ளையிடம் வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் காலையில் இரண்டு ரப்பரையும் ஒரு தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, “இன்னா கமலா, உங்க நைனா பள்ளிக்கூடத்த வூட்டுக்கே கொணாந்துட்டாரு” என்றார். காசு போட்டு எண்ணெய் மாற்றியாயிற்று, வரும்போதுகூட நன்றாகத்தான் பிடித்தது, புத்தகம் எழுதினவன் பொதட்டூர்பேட்டை ரோட்டைப் பார்த்திருக்கிறானா என்று கேட்டார். நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

பிறகு நடந்ததை நான்தான் செய்தேனா என்று இப்போதும் தெரியவில்லை. அவர் வண்டியை உதைத்துக் கிளப்பிவிட்டார். கமலா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏற வந்தாள். நான் குறுக்கே போய்ப் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். மோட்டார் சைக்கிளில் நான் ஏறியது அதுதான் முதல் தடவை, காலை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். தெருவே பார்த்தது. “மொதல்ல என்ன ஏத்திகினு மேல போயி எறங்கி வாங்க மாப்பிள்ள. ஒண்ணும் ஆவலன்னா அப்பறம் அவங்கள இட்டுகினு போங்க” என்றேன். அவர் விளையாட்டு என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார். அவர் சட்டையை நான் விடவில்லை, விளையாட்டல்ல என்று அவருக்கும் புரிந்திருக்கும். கொஞ்ச நேரம் பிடியை அழுத்துவதும் விடுவதுமாக இருந்தார். அப்புறம் இன்ஜினை நிறுத்திவிட்டு, “எறங்குங்க மாமா. உங்கள வெச்சிகினு ஓட்ட எனுக்குக் கை வரல. உங்களுக்கு ஒண்ணுன்னா கமலாவுக்கு நா இன்னா பதில் சொல்றது” என்றார். நான் அவரிடம் கேட்க நினைத்துக் கேட்க முடியாமல் இருந்ததும் அதே கேள்விதான்.

எல்லோரும் படிவழியாகவே ஏறினோம், மாப்பிள்ளை குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். தாய்மாமன் நீ இல்லாததால் உன் சட்டை ஒன்றை மடியில் விரித்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன், அதன்மேல் குழந்தையை வைத்து மொட்டை போட்டார்கள். காது குத்தும்போதுகூட அதிகம் அழவில்லை. சாயங்காலம் அவர்கள் பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினார்கள். மாப்பிள்ளை போய் வருகிறேன் என்று சொன்னார், ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. கோபமா வெட்கமா எனக்குத் தெரியவில்லை, கமலாவிடமிருந்து கடிதமும் இல்லை.

வண்டி நம் வீட்டு வாசலில் சாக்குப் போர்த்தி நிற்கிறது. லுங்கிக் கட்டுகளை இப்போது பஸ்ஸில் போட்டுக் கஷ்டப்படுகிறாராம், எத்தனை நாளைக்கு முடியும், வண்டியை எடுக்க வந்துவிடுவார். பொதட்டூர்பேட்டை பஸ் வருகிற நேரமெல்லாம் வாசலுக்கு வந்து எட்டிப் பார்க்கிறேன். ஆகவே நீ செய்ய வேண்டியது, கைப்பிடிக் கிண்ணத்தின் அடியில் இருக்கும் ரப்பர்கள், சக்கரத்துத் தட்டைக் கவ்வுகிற பிடியில் இருக்கும் ரப்பர்கள், நடுவில் போகும் குழாய், இந்த மூன்றையும் அங்கே வாங்கி, ஊருக்கு வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்பு. வண்டியின் வருஷமும் எண்ணும் இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். பாவாவுக்கு நீயாகவே தோன்றி எழுதுவதுபோல மரியாதையாக ஒரு கடிதம் போடு, நைனா சொன்னார் என்று ஒரு வார்த்தை வரக்கூடாது. நான் பயந்தது வீண் என்று உனக்குத் தோன்றினால் அதையும் மறைக்காமல் எழுது, நான் தாங்கிக்கொள்வேன். தாமதம் மட்டும் வேண்டாம். அவர் வந்து சாவியைக் கேட்டால் தர மாட்டேன் என்று சொல்கிற தைரியம் எனக்குக் கிடையாது. மறுபடியும் பின்னால் ஏறி உட்காரத்தான் தெரியும்.

முருகன் உன்னைத் தீங்கில்லாமல் வைத்திருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. எடை எழுத மறக்காதே.

இப்படிக்கு,
உன் நன்மையே விரும்பும் நைனா,
ஆ. துளசிங்கம்.