தொழுகைக்குப் பிறகு மட்டும் ஓடிய மெசின்

கூட்டாளி,

இன்று காலை எங்கள் கிணற்று மோட்டர் புகைந்துவிட்டது. கம்பிச் சுற்றில் பூசிய வார்னிஷ் கருகும் அந்த வாசம் குசினி வரை வந்தது. மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினா. நான் மோட்டரை நோக்கி ஓடினேன். மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மடக்கியபடி மற்றக் கையால் மூடியைக் கழற்றினேன். "இதென்ன, மோட்டருக்கு மரியாதையா?" என்று மனைவி கேட்டா. உன்னைப் பற்றிச் சொல்ல வெளிக்கிட்டால் தேத்தண்ணி ஆறிப்போகும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

"கறண்டில ஒரு கையத்தான் வைக்கோணும் மச்சான். மற்றது சோறு தின்ன வேணும்" என்பாய். நீ கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. கை இன்னும் உன் சொல்லைக் கேட்கிறது.

எண்பதுகளின் தொடக்கம் அது. மருதமுனையில் என் மூத்த சகோதரி, ராத்தாவின் தறிக்கொட்டில், பத்துத் தறி. தறிக்கு நீள நூலைச் சுற்றிப் பாவு ஓட்ட ஒரு மெசின் வாங்கச் சொல்லி ராத்தாவின் காதைத் தின்றவன் நான்தான். கொழும்புப் பக்கம் மூடிய ஓர் ஆலையிலிருந்து, மோட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் எலெக்ட்ரோனிக் பெட்டியோடு அது லொறியில் வந்து இறங்கியது. ஊரெல்லாம் நான் இஞ்சினியர் போலக் கதைத்துத் திரிந்தேன். அதில் எனக்குத் தெரிந்தது பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் மட்டுமே. நீதான் பக்கத்துக் காரைதீவிலிருந்து, நெற்றியில் திருநீற்றோடு சைக்கிளில் வந்து வயர் இழுத்துப் பூட்டித் தந்தாய்.

மாரி முடியும் வரை ஒழுங்காக ஓடியது. வெயில் ஏறியதும் பேய் பிடித்தது. நிதானமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டர் திடீரென்று வெறிகொண்டு பாயும், நூலெல்லாம் படபடவென்று அறும், பியூஸ் போகும். ராத்தா பெருநாள் சாரனுக்கு ஓடர் எடுத்திருந்தா. பாவு இல்லாமல் பத்துத் தறியும் சும்மா கிடந்தன. நெசவுகாரர்கள் நேராகவே சொல்லிவிட்டார்கள்: "வெள்ளிக்குள்ள பாவு வராட்டி நாங்க வேற கொட்டிலப் பாக்குறம் ராத்தா. எங்கட ஊட்டுக்கும் பெருநாள் வருது." நெசவுகாரர் போனால் கொட்டில் இல்லை. கொட்டில் போனால் எனக்கு ராத்தாவின் வாசல் இல்லை.

செவ்வாய் காலை நீ வந்தாய். "இது சரியாகாம நான் ஊருக்குப் போற இல்ல" என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாய். உள்ளே நானூறு வோல்ட். பியூஸைக் கழற்றிய பிறகும் பெட்டிக்குள் கறண்ட் பதுங்கியிருக்கும் என்று, ஒரு பல்பைத் தொடுத்து, அது எரிந்து அணைந்த பிறகுதான் கை வைத்தாய். மோட்டருக்குக் கறண்டைத் திறந்து மூடும் தைரிஸ்டர்களை ஒவ்வொன்றாக அளந்தாய். ஒன்றிலும் பழுதில்லை. ஈயப் பற்றுகளை மறுபடி வைத்தாய். மெசின் மறுபடி நூலை அறுத்தது.

நான் சும்மா இருப்பேனா? எலி கடித்திருக்கும் என்றேன். வோல்டேஜ் கூடியிருக்கும் என்றேன்.

"பாத்தியா, நினைச்சியா?"

"நெனச்சன்."

"அப்ப போய்த் தேத்தண்ணி கொண்டு வா."

புதன்கிழமை நெசவுகாரர்கள் ஒரு புதினத்தைக் கண்டுபிடித்தார்கள். மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்தால் மெசின் ஒரு மணித்தியாலம் பால்குடிப் பிள்ளை போல ஓடுகிறது. பிறகு பேய். பின்னேரத் தொழுகை அஸருக்குப் பிறகு திரும்பவும் பிள்ளை. ராத்தா என்னை மேலும் கீழும் பார்த்தா. "மெசினுக்கு இரிக்கிற ஈமான் ஒனக்கு இல்லியேடா!" அந்நாளில் நான் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு மட்டும் போகிறவன், அதுவும் கடைசி வரிசை, செருப்புகளுக்குப் பக்கத்தில்.

எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. "அதுக்கு நேரம் தெரியுது மச்சான். நேரம் தெரிஞ்சா காரணம் இருக்கு."

வியாழன் லுஹருக்குப் பாங்கு சொன்னது. நெசவுகாரர்கள் தொழுகைக்கு ஒழு எடுக்கக் கிணற்றடிக்குப் போனார்கள். உனக்குக் காவல் என்ற சாட்டில் நான் உள்ளேயே நின்றேன். மீற்றரின் ஒரு வயரை நியூற்றலிலும் மற்றதை எர்த்திலும் பிடித்தாய். முள் உயரத்தில் நின்றது. வெளியே முகமும் கைகாலும் கழுவும் சத்தம். முள் மெள்ள மெள்ள இறங்கியது. நீ முள்ளைப் பார்த்தாய், கிணற்றடியைப் பார்த்தாய், பிறகு என்னை.

"டேய், எர்த்துக் கம்பிய நான் ஏன் கிணத்தடியில அடிச்சன்?"

"நீதானே சொன்ன, அந்த மண் எப்பவும் ஈரமா இரிக்கி எண்டு."

"எப்பவும் இல்லடா! நான் அண்டைக்குப் பாத்தது லுஹர் நேரம்!"

தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாய். நம் கடற்கரை மணல்தான் தெரியுமே, குடித்த தண்ணீரை ஒரு மணித்தியாலத்தில் மறந்துவிடும். வேகத்தை ஆளும் போர்ட் தன் அளவையெல்லாம் அந்த எர்த்தை நம்பியே எடுத்தது. மணல் காய்ந்ததும் அதற்குக் கணக்குத் தவறி, தைரிஸ்டர்களுக்குத் தாறுமாறாக உத்தரவு போனது. காரைதீவுக்காரனுக்கு ஒழுவின் நேரம் தெரியவில்லை. ஒழுவின் நேரம் தெரிந்த எங்களுக்கு எர்த்தைத் தெரியவில்லை.

நீர் மட்டம் வரை நீளமான பைப் அடிக்க வேண்டும். அதற்குக் கல்முனைக்குத்தான் போக வேண்டும். நீ சைக்கிளை எடுத்தாய். "நான் வாற வரைக்கும் மெசின் ஓடோணும். மண்ணைக் காய விடாத."

நான் வாளியோடு கவிழ்த்தேன்.

"அப்பிடி ஊத்தினா ஓடிரும். உங்கட ஆக்கள் ஒழு எடுக்கிற மாதிரி மெள்ள ஊத்து."

கிணற்றடியில் குந்தியிருந்து ஊற்றினேன். போகிற வருகிற நெசவுகாரரெல்லாம் என்னை அண்ணன் முறை வைத்துக் கேட்டார்கள்: "காக்கா, இது எத்தினையாவது ஒழு?" உள்ளேயிருந்து ராத்தா: "ஆயுசுக்கும் சேத்து எடுக்கான், விடுங்க." அவவின் குரலுக்குப் பின்னால் மெசின் ஒரே சீராக இரைந்தது. ஒரு நூல் அறவில்லை.

அஸருக்குப் பாங்கு சொன்னது. "வாறியளா காக்கா?" என்று ஒருவன் குறும்பாகக் கேட்டான். நான் வழக்கமாகச் சொல்லும் சாட்டு, ஒழு இல்லை என்பது. முழங்கை வரை, கணுக்கால் வரை ஈரத்தோடு நின்றுகொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. ராத்தா வந்து என் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டா. நான் போனேன்.

பொழுது சாய முன் நீ இரண்டு பைப் அடித்து முடித்தாய். வெள்ளி காலை பத்துத் தறியும் சத்தம் போட்டன. ஒரு நெசவுகாரரும் போகவில்லை.

அன்று பள்ளிவாசலுக்குப் போன கால் பிறகு நிற்கவில்லை. என்னை அங்கே அனுப்பியவன் திருநீறு பூசிய ஒரு காரைதீவுக்காரன் என்று ஆலிம்சாவிடம் இதுவரை சொல்லவில்லை. மனிசன் அதற்கும் ஊரைக் கூட்டி ஒரு பயான் செய்வார். ஒழு எடுக்கும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது. பின்னால் நிற்பவர்கள் செருமுகிறார்கள். கீழே இருப்பது சீமெந்துத் தரை என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் மெள்ளத்தான் ஊற்றுகிறேன்.