செருப்புகள் பேசிய வாரம்

மார்ச் 4

அன்புள்ளவருக்கு,

நேற்று அக்காவைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். பக்கத்தில் இருந்த பெண் நீங்கள் கார்ட்டூன் போடும் பத்திரிகையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். எட்டிப் பார்த்தேன். மூக்கும் முழியுமாக இரண்டு சின்னச் செருப்புகள். இடது செருப்பு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, "தெனமும் அவன்தான் முதல்ல போறான். இன்னிக்கு நான் போவேன்!" என்கிறது.

அது நம் வாலு சொன்னது. அவள் போய் இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நீங்கள் அழுது நான் பார்த்ததில்லை. ஊரைச் சிரிக்க வைக்கிறீர்கள். அவள் பொருள் எதையும் இனி வரையாதீர்கள்.

வாலுவின் அம்மா


மார்ச் 11

என் அன்புக்குரியவளுக்கு,

நிறுத்திவிட்டேன். "ஏன் சார், நல்லாத்தானே போயிட்டிருக்கு?" என்றார் ஆசிரியர்.

நீ அக்கா வீட்டுக்குப் போன பிறகு இங்கே பேச்சுக் குரலே இல்லை. ஒரு நாள் அவள் தண்ணீர் பாட்டிலை வரைந்து, சும்மா இரண்டு கண் வைத்தேன். அவள் குரல் காதில் கேட்டது. அந்தக் குரல் மறந்துவிடுமோ என்ற பயத்தில்தான் ஒவ்வொன்றாக வரைந்தேன். சிரித்தது மற்றவர்கள்.

வீட்டுக்கு வந்துவிடேன்.

வாலுவின் அப்பா


ஏப்ரல் 2

அன்புள்ளவருக்கு,

கோபமெல்லாம் போய்விட்டது. ஆனாலும் வர முடியவில்லை. போன வாரம் தெருமுனை வரை வந்தேன். நம் வீட்டு ஜன்னலைப் பார்த்ததும் திரும்பிவிட்டேன். உங்களுக்கு அங்கே அவள் குரல் கேட்கிறது. எனக்கு ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வருகிறது. வக்கீல் கொடுத்த விவாகரத்துக் காகிதங்களில் கையெழுத்துப் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உங்கள் மேல் குறை ஒன்றும் இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். கடைசி நாள் காலையில் நீங்கள் மருந்து வாங்கப் போயிருந்தீர்கள். குளுக்கோஸ் பாட்டில் மாட்டியிருந்த ஸ்டாண்டைக் காட்டி அவள் கேட்டாள்: "அம்மா, இவரு ராத்திரியெல்லாம் ஒத்தக் கால்லயே நிக்கிறாரே, வலிக்காதா? அப்பாவ இவருக்கு ஒரு நாற்காலி வரைஞ்சு குடுக்கச் சொல்லு."

மறந்துபோய்ச் சொல்லாமல் விடவில்லை. அவள் சொன்னதில் இது ஒன்றாவது எனக்கு மட்டும் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். உங்களிடம் சொல்லச் சொன்னது அது. மன்னித்துவிடுங்கள்.

நாற்காலியை வரைந்துவிடுங்கள். பத்திரிகைக்கு வேண்டாம். எனக்கும் அனுப்ப வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

வாலுவின் அம்மா