மேற்குப் பாதி

அக்கா, ஜெராக்ஸ் தாள் கையில் இன்னும் சூடாக இருக்கிறது. நாம் இருவரும் சேர்ந்து வாங்கிய மனையை இரண்டாகப் பிரித்துப் பத்திரம் எழுதிய அன்றைக்கும் இப்படித்தான் ஒரு சூடான தாளைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "சுட்ட அப்பளம் மாதிரில்ல இருக்கு!" என்றீர்கள். இது அந்தப் பத்திரத்தைத் திருத்தி எழுதியதன் நகல். இன்றுதான் பதிவு முடிந்தது. என் குழப்பம் மட்டும் முடியவில்லை.

மாடி எடுக்க மகள் பேங்கில் கடன் கேட்டாள். அதில்தான் ஆரம்பித்தது வினை. இடம் பார்க்க வந்த இன்ஜினியர் பத்திரத்தையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்மா, பத்திரப்படி உங்களுக்கு மேக்குப் பாதி. நீங்க கட்டியிருக்கது கெழக்க. அடுத்தவுக எடத்துலல்ல குடியிருக்கீக!" என்றார். முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம்தான் உறைத்தது. இருக்கிறது ஒரே வீடு, அதுவும் என்னுடையது இல்லையாம்.

ஆவண எழுத்தர் நிதானமாக விளக்கினார். தெரிந்தே இடத்தை மாற்றிக்கொண்டோம் என்றால் அது பரிவர்த்தனைப் பத்திரம். அதற்குச் செலவும் அலைச்சலும் அதிகம். எழுதும்போது திசை தவறிவிட்டது என்றால் பிழைத்திருத்தல் பத்திரம் போதும். நீங்கள் இல்லாததால், உங்கள் வாரிசாக உங்கள் மகன் வந்து கையெழுத்துப் போட்டால் சரி. "எதுன்னு நீங்கதாம்மா சொல்லணும்" என்றார். தெரிந்தால்தானே சொல்வதற்கு!

நாம் பத்திரம் எழுதியது தீபாவளி சீசன் முடிந்து பட்டாசுக் கம்பெனி லீவு விட்டிருந்த சமயம். விரலிடுக்கில் ஒட்டிய வெள்ளி நிறப் பொடி போகாமலே ஆபீசுக்குப் போனோம். எழுத்தர் வாசித்துக் காட்டியபோது, "இன்னொரு மட்டம் வாசிங்க, நாங்க படிச்சவுக இல்ல" என்று திரும்ப வாசிக்க வைத்தவர் நீங்கள். கிழக்கு உங்களுக்கு, மேற்கு எனக்கு என்றுதான் அவர் வாசித்திருக்க வேண்டும். எனக்குப் பசி, காதில் ஏறவில்லை. உங்களுக்கு ஏறியதா அக்கா?

அஸ்திவாரம் தோண்டப் போன காலையில் பார்த்தால், எனக்கு முன்னாலேயே வந்து மேற்குப் பாதியில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொண்டிருந்தீர்கள். "நீ கெழக்க கட்டிக்கோ புள்ள. மூத்தவ மேக்க இருக்கணும், அதான் மொற" என்றீர்கள். பாகம் பிரித்தால் மூத்தவருக்கு மேற்கு என்பது நம் பக்கத்து வழக்கம்தான். ஆனால் அது அண்ணன் தம்பிகளுக்கு அல்லவா? ஒரே வேனில் வேலைக்குப் போய் வந்தவர்களுக்கு ஏது மூத்தவள், இளையவள்? ஒருவேளை முறைப்படிதான் எழுதியிருப்பார்கள் என்று நம்பி ஏமாந்தீர்களோ?

இன்னொன்றும் இருக்கிறது. மேற்கே, கருவேலங்காட்டைத் தாண்டினால் நம் கம்பெனி. என் மகள் அப்போது கைக்குழந்தை. அங்கே வெடி போட்டுப் பார்க்கும்போதெல்லாம் முதலில் அதிர்ந்தது உங்கள் ஜன்னல்தான். உங்கள் சுவரில் விரிசல் ஓடியதைக் காட்டி நான் வருத்தப்பட்டால், "எனக்குத்தான் காது மந்தமாச்சே, போடட்டும்" என்று சிரிப்பீர்கள். தெரிந்தேதான் செய்தீர்கள் என்று அப்போது தோன்றும், கண் கலங்கிவிடும். மறு நிமிடமே, மதுரைக்குப் போக வேண்டிய நீங்கள் சாத்தூரில் திருநெல்வேலி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து எனக்கு ஜம்மென்று டாட்டா காட்டியது ஞாபகம் வரும். திசையெல்லாம் பார்த்துத் திட்டம் போடுகிற ஆளா நீங்கள்?

உங்கள் மகனைக் கூப்பிட்டுச் சொன்னேன். கிழக்குப் பாதிதான் இப்போது புது ரோட்டை ஒட்டி வருகிறது, விலையும் கூடிவிட்டது. உங்கள் மருமகள் அதைச் சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. "பாப்போம் சித்தி" என்று கிளம்பிவிட்டான். ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் அவனே வந்து வாசலில் நின்றான். "அம்மா கோடு போட்ட எடத்த நான் மாத்த மாட்டேன் சித்தி. எங்க கையெழுத்துப் போடணும்?" என்றான். உங்கள் பிள்ளை அக்கா அவன்.

இன்று சார்பதிவாளர் சத்தமாக வாசித்தார்: "இரு தரப்பாரின் கவனக்குறைவால் திசைகள் தவறுதலாக எழுதப்பட்டுவிட்டன." நிமிர்ந்து, "சரிதானம்மா?" என்று கேட்டார். பின்னால் வரிசை நின்றது. உங்கள் மகன் என் முகத்தையே பார்த்தான். "சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டேன்.

படி இறங்கும்போது அவன் கேட்டான். "நெசமாவே கவனக்குறைவா சித்தி?"

"தெரியலப்பா" என்றேன்.

உங்களைக் கவனமில்லாதவர் என்று ஒப்புக்கொண்டுதான் என் வீட்டை வாங்கி வந்திருக்கிறேன். அது உண்மையாகவே இருந்துவிட்டால் நிம்மதி என்று ஒரு மனசு சொல்கிறது. இல்லையென்றால், சாகிற வரைக்கும் கம்பெனிக்கும் என் பிள்ளைக்கும் நடுவில் நீங்கள் நின்றிருக்கிறீர்கள், நான் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.