பாயில் மொய்த்த எறும்பு

சித்திரை 9, வியாழக்கிழமை. சேக்காடு.

காலையில் சுவர் வெடிப்பிலிருந்து இறக்கை முளைத்த எறும்புகள் கிளம்பி வீடெங்கும் பறந்தன. யுத்தம் வந்ததிலிருந்து மண்ணெண்ணெய் அளந்துதான் கிடைக்கிறது. அதைப் போய் என் வீட்டுக்காரி வெடிப்பில் ஊற்றிக்கொண்டிருந்தாள். எரிந்து விழுந்தேன்.

"பின்ன இன்னா பண்றது? கொயந்த படுத்த பாயிலயும் மொய்ச்சிக்கினு கீது" என்றாள்.

போய்ப் பார்த்தேன். எங்கள் வள்ளிக்கு எட்டு வயது. ஒரு மாதமாக மறுபடியும் பாயை நனைக்கிறாள். நனைந்த இடத்தில் மட்டும் எறும்பு கறுப்பாக அப்பியிருந்தது.

சிறுநீரில் எறும்பு மொய்த்தால் நீரிழிவு என்பார்கள். என் அண்ணனுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. அதற்குப் பிறகு ஒரு வருஷம்கூட இருக்கவில்லை.

"எறும்பு பறக்குற நாள்ல அது எங்கதான் மொய்க்காது?" என்றாள் இவள்.

சாயங்காலம் கொல்லையில் வள்ளி உட்கார்ந்து எழுந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டேன். பத்தடி தள்ளி வேலியோரம் நானும் ஒன்றுக்குப் போனேன். விளக்கு வைக்கிற நேரத்தில் திரும்பப் போய்க் குனிந்து பார்த்தேன். என் இடத்தில் ஓர் எறும்புகூட இல்லை. அவள் இடத்தில் மண்ணே தெரியவில்லை. இவள் பார்ப்பதற்குள் அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டி மூடினேன்.

நாளைக்குப் பூந்தமல்லி வைத்தியரிடம் கூட்டிப்போக வேண்டும். தாகமெல்லாம் வெயிலால்தான் என்று அவர் சொல்லட்டும். பிள்ளை இளைத்ததும் வெயிலால்தான் என்று சொல்லட்டும்.

இதை எழுதுவதற்குள் மூன்றாம் முறையாக வள்ளி கூப்பிடுகிறாள்.

"நைனா, தண்ணி."