விலை சொன்னவர் பாடு

அக். 12, 2001. வெள்ளி.

தூறல். முள்ளுக்குறிச்சி முழுக்கக் கரண்ட் இல்லை. சோலார் விற்கும் கடையில் மெழுகுவர்த்தி.

நாளை மலைமேல் குண்டூர் நாட்டில் ஒரு வீடு. என் முதல் வேலை. பேனல், பேட்டரி, கன்ட்ரோலர், இரண்டு விளக்கு, ஒயர், பஸ், சுமைகூலி. அடக்கம் பதினோராயிரம். அதன்மேல் எவ்வளவு வைப்பது? தத்துவம் எம்.ஏ. இதற்கு உதவவில்லை.

முதல் போட்டவன் ரஃபி. அவன் அத்தா மலை மிளகு வாங்கும் வியாபாரி. மகனுக்கு லாபத்தைப் பற்றி ஒரு கொள்கையும் கிடையாது. "நீ வாயத் தொறக்காத மாப்ள. வெல அவங்க வாயில இருந்து வரட்டும்." தரகுப் புத்தி. நான் பேரம் பேசப் போவதில்லை. ஒரே விலை.

அவன் நிபந்தனை: இதில் லாபம் நின்றால் சோலாரில் எனக்குப் பாதிப் பங்கு. நிற்காவிட்டால் அத்தாவின் குடோனில் மூட்டைகளுக்கு நம்பர் போடலாம்.

அக். 13. சனி.

மலை பஸ். பேட்டரி காலடியில். பின் சீட்டில் ஒருவர் வளைவு தவறாமல் வாந்தி.

பொன்னுசாமி. வீட்டுக்காரர். ஐம்பது வயது இருக்கும். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தார். மரவள்ளிக் காடு, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி. நிழல் விழாத மூலை கூரையில் ஒன்றே ஒன்று.

பதினாறாயிரம் என்றேன்.

"வெலய நீங்களே சொல்றீங்களா?"

"ஆமாங்க."

"அப்பச் சரிங்க சாமி."

அவ்வளவுதான். பதினோராயிரம் கையில். மீதி மிளகு பறித்ததும். ஆக, என் லாபம் இப்போது அவர் கொடியில் பச்சையாகத் தொங்குகிறது.

பேட்டரிக்கு மாதம் ஒருமுறை தண்ணீர் பார்க்க வேண்டும், பேனலைத் துடைக்க வேண்டும் என்று விளக்கினேன். மரியாதையாகத் தலையாட்டினார். ஒரு வார்த்தையும் ஏறியிருக்காது.

விளக்கு எரிந்தபோது அக்கம்பக்கத்து எட்டு வீடும் வாசலில். ஒரு அம்மாள்: "ஏனுங்க, மழையில சூரியன் நனஞ்சா லைட்டும் நமுத்துப் போயிருமுங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பேரம் பேசாமல் ஏமாற எட்டு வீடு வரிசையில் நிற்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

நவ. 20.

மலை பஸ் கண்டக்டர் ரோட்டிலிருந்தே கத்தினார். "சோலாருங்க! பேட்டரிக்குத் தண்ணி ஊத்த எப்ப வாரீங்கன்னு பொன்னுசாமி கேட்டாருங்க!"

அவரையே ஊற்றச் சொல்லுங்கள் என்றேன். ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்ற எம்.ஏ. தேவையா?

செருப்பு அறுந்தது.

டிச. 28.

மறுபடி கண்டக்டர். அதே கேள்வி. போகவில்லை. போய் வர ஒரு நாள் போய்விடும். அதை நான் விலையில் சேர்க்கவில்லை.

பிப். 16, 2002. சனி.

வெயில். மீதியை வாங்க மேலே போனேன். ரஃபியிடம் பாதிப் பங்கு பற்றி என்ன பேசுவது என்று பஸ்ஸிலேயே ஒத்திகை.

விளக்கு பகலில் போட்ட சிம்னி போல மங்கல். பேனல்மேல் ஓக் சருகு, பறவை எச்சம். பேட்டரியில் தண்ணீர் வற்றித் தட்டுகள் தெரிகின்றன. ஒரு விரல்கூடப் படவில்லை. எனக்குக் கோபம்.

"அன்னைக்கே சொன்னேனே! ஏன் நீங்க பாக்கல?"

"நாங்க எப்படீங்க கை வெக்கறது? வெல சொன்னது நீங்க."

"அதுக்கு?"

"மொளகு வாங்கற பாய் வந்து கொடிய அண்ணாந்து பாத்து ஒரு வெல சொல்லுவாருங்க. சொல்லிட்டா அப்பறம் நாங்க கொடியத் தொடமாட்டோம். காவலு, பறிக்கறது, காய வெக்கறது அத்தனையும் வெல சொன்னவரு பாடு. நாங்க வெல சொன்னா எங்க பாடு. நீங்க பெரிய வெலயாச் சொன்னீங்க, அதுல எல்லாம் சேத்தின்னு இருந்துட்டேனுங்க. எட்டு ஊட்டுக்கும் அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

விலையில் அது இல்லை, தனியாக ஆகும் என்றேன். அந்த அம்மாளும் மற்றவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பொன்னுசாமி முகம் அவர்கள் பக்கம் திரும்பவில்லை.

"கோவமில்லீங்க சாமி. பாக்க ஆளில்லாத சாமான் ஊட்டுல எதுக்கு? கழட்டிக்குங்க. எரிஞ்ச மாசத்துக்குக் கழிச்சுக்கிட்டு மிச்சத்தப் பாய்கிட்டக் குடுத்துருங்க, மொளகுக் கணக்குல வாங்கிக்கறேன்."

ஏணியை அவரே பிடித்தார். பேட்டரியை அவரே பஸ் வரைக்கும் சுமந்தார். கூலி கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அந்த அம்மாள் பின்னாலிருந்து: "சூரியன மட்டும் உட்டுட்டுப் போங்க கண்ணு. மரவள்ளி காயணும்."

கண்டக்டர் பேனலுக்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.

கடையில் ரஃபி பேனலைப் பார்த்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"வெலய நீயா சொன்ன?"

தலையாட்டினேன்.

குடோன் சாவியை எடுத்தான். மூட்டைக்கு நம்பர் எந்த மையில் என்று கேட்டேன்.

"கறுப்பு."