அக்கரை ராஜா கையை விடவில்லை

அன்பு மகள் கலையரசிக்கு, பெரியப்பா பரமசிவன் எழுதுவது. இங்கே நானும் உன் பெரியம்மாவும் கால்வாயில் தண்ணீர் வந்த தெம்போடு இருக்கோம், புனேயில் நீயும் மழையில் நனையாமல் சுகமாக இருக்கணும். போன் இருக்கையில் எதுக்குக் கடுதாசி என்று நினைக்காதே. போனில் பேசினால் உன் பெரியம்மா வடிவம்மாள் அடுக்களைக் குழாயை மூடிவிட்டுக் காது கொடுக்கா. காசிலிங்கம் மகன் தேவேந்திரனும் புனேயில்தான் இருக்கானாம். அவனுக்கும் உனக்கும் ஏதும் உண்டா, அது எனக்குத் தெரியணும்.

சந்தேகம் எங்கே கிளம்பியது என்று சொல்லுதேன். கோயில் கொடைத் திருவிழாவுக்கு நம்ம ஊர் நாடகம் நடந்தது, சேரன்மகாதேவிப் பக்கமிருந்து மட்டும் பத்தாயிரம் சனம், உன் பெரியம்மா முந்நூறு என்பாள், அவளுக்கு எண்ணத் தெரியாது. உனக்குத் தெரிந்த கதைதான், இக்கரை ராஜா மகளும் அக்கரை ராஜா மகனும் பிரியப்பட்டு, அப்பன்மார் பகையால் வழியில்லாமல் ஆற்று வெள்ளத்தில் இறங்கிச் செத்துப்போகும். பிணங்களுக்கு மேலே ராஜாக்கள் கை கோர்க்கணும். இக்கரை நான், அக்கரை காசிலிங்கம். மடைத் தண்ணீர்த் தகராறில் உன் அப்பன் உசுரோடு இருக்கையில் நானும் அவனும் அரிவாள் தூக்கின நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சு கிடையாது, வேசத்தை மட்டும் ரெண்டு பேரும் விட மாட்டோம். மேடையிலும் விரல் படாமல்தான் கை கோர்ப்போம், நடுவே காற்று போகும். இந்த வருசம் அவன் நிஜமாகவே பிடித்தான். பாட்டு முடிந்தும் விடவில்லை. என்னவே, பசை தடவிட்டு வந்தீரா என்று பல்லைக் கடித்துக் கேட்டேன். நம்ம பிள்ளைகள் உசுரோடதானவே இருக்கு என்றான். அவன் பிள்ளை ஒருத்தன், நம்ம பிள்ளைகள் என்று எந்த உரிமையில் சேர்த்தான்? அப்போதுதான் எனக்குக் குடை ஞாபகம் வந்தது. நீ அனுப்பின படத்தில் ஒரு கிளிப்பச்சைக் குடை. தேவேந்திரன் வாட்ஸ்அப்பில் போட்ட படத்திலும் அதே குடை, அதே வளைந்த கம்பி. புனேயில் வேறு குடையே விற்கவில்லையா? என்னிடம் போலீஸ்காரனே துப்புக் கேட்டு வருவான், தெரியும்லா.

அதோடு போகவில்லை. மேடையில் செத்தவர்களை அப்பன் வேசக்காரர்கள் கை கொடுத்து, அவரவர் சொந்தப் பெயர் சொல்லி எழுப்புகிற வழக்கம் உண்டே, இல்லாவிட்டால் தோசம் என்று. இளவரசனாகக் கிடந்தது வண்ணார்பேட்டையில் செல்போன் கடை வைத்திருக்கிற குற்றாலலிங்கம். காசிலிங்கம் குனிந்து, எழுந்திருலே தேவேந்திரா என்றான். இளவரசியாகக் கிடந்த தேன்மொழியை நான் எழுப்பணும். ஈரச் சேலையும் மூடின கண்ணுமாகக் கிடந்தாள். எம்மா கலையரசி, எழுந்திரும்மா என்று விட்டேன். மைக்கில் ஊரெல்லாம் கேட்டது. அவனுக்கு நான் சளைச்சவனா, அதுக்காகச் சொன்னேன் என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கேன். கண் கலங்கினது அரிதாரம் பட்டதால். ஆனா ஒன்று யோசித்தேன், அந்த நாடகத்தில் பகை விடிய விடிய வசனம் பேசுது, பாசத்துக்குக் கடைசியில் ஒரே பாட்டு. சனம் அந்தப் பாட்டுக்குத்தான் தூங்காமல் இருக்கு. ராஜாக்களுக்கு அதைப் பிள்ளைகள் காதில் விழும்படி பாடக் கொடுத்து வைக்கவில்லை.

காசிலிங்கத்தை நான் இன்னும் நம்பவில்லை. மடையில் பாதி கேட்கத்தான் கையைப் பிடித்தானோ என்னவோ. அதனால் உண்மையை நீ எழுது, எனக்கு மட்டும். உண்டு என்றால் உண்டு என்று எழுது, பயந்து எங்கேயும் போய்விடாதே. நேரத்துக்குச் சாப்பிடு. உச்சியிலிருந்து பாதம் வரை நம்ம அம்மன் உன்னைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
இக்கரை ராஜா,
உன் பெரியப்பா பரமசிவன்

மறந்துவிடாதே: தைக்கு வரும்போது அந்தக் குடையைக் கொண்டு வா. பிடித்துக்கொண்டு வருகிறவன் யாரென்று நானும் பாக்கேன்.