அம்புக்குறி மேல் வைத்த பொட்டு

மன்னித்துக்கொள். பக்கத்தில் இருந்தபோது நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள், நீ போன பிறகு மடல் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று காலை ஸ்டோர்ஸிலிருந்து புது செக் வால்வு வந்தது. பெட்டியைப் பிரித்ததும், துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெயின் வாசனை. உன் துப்பட்டாவில் எப்போதும் இருந்த வாசனை. அதற்கு மேல் அதைக் கையில் வைத்திருக்க முடியவில்லை.

போன சனிக்கிழமை சித்தூருக்குப் போகும்போது புத்தூர் பஸ் ஸ்டாண்டில் உன் அம்மாவைப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேலையில தப்பு பண்ணதாலதான் எம் பொண்ணை பர்மனெண்ட் பண்லியாமே. நீ கூடவே இருந்தியே, நீ சொல்லும்மா" என்றார். பஸ் வந்துவிட்டது என்று சொல்லி ஏறிவிட்டேன். அது என் பஸ்கூட இல்லை.

நாம் இருவரும் ஒரே நாளில் இந்த ஃபாக்டரியின் மெயின்டனன்ஸில் டிரெய்னியாகச் சேர்ந்தோம். நிரந்தர இடம் ஒன்றுதான். நான் என் வீட்டின் முதல் பட்டதாரி, திருப்பதியில் பி.டெக். நீ ஐடிஐ. விஜயபுரத்தில் உன் நைனாவின் டிராக்டரைப் பிரித்துப் பார்த்தே பாதி கற்றவள். உன்னைப் பார்த்து நான் பொறாமைப்பட வேண்டியதில்லை என்றுதான் முதல் வாரம் நினைத்தேன்.

எண்ணெய் அழுத்தத்தில் பாரம் தூக்கும் மேஜை, ஒரு டீ குடித்து வருவதற்குள் இரண்டு விரல்கடை இறங்கியிருந்ததே, நினைவிருக்கிறதா? சிலிண்டர் சீல் போயிருக்கும் என்றேன். நீ குனிந்து தரையைத் தொட்டாய். "சீல் போனா வெளிய ஒழுகி இருக்கும்ல? தரை காஞ்சிக்கினு கீது. எண்ணெ வந்த வழியே திரும்பிப் போவுதுடி." ஸ்க்ரூடிரைவரின் நுனியை செக் வால்வின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டாய். என்னையும் கேட்கச் சொன்னாய். உள்ளே மெல்லிய சீறல். திறந்தபோது உள்ளே இருக்கும் சிறு இரும்புக் குண்டு உட்காரும் இடத்தில் ஒரு பிசிறு சிக்கியிருந்தது.

செக் வால்வு பற்றி நான் பரீட்சையில் ஒன்றரைப் பக்கம் எழுதியவள். பம்ப் தள்ளும் எண்ணெய் ஸ்பிரிங்கை மீறிக் குண்டை நகர்த்தி வழி திறக்கும். பம்ப் நின்றால் குண்டு திரும்ப உட்காரும். பாரம் அழுத்த அழுத்த, திரும்பி வரப் பார்க்கும் எண்ணெயே குண்டை இன்னும் இறுக்கி அடைக்கும். நான் இதைச் சொன்னதும் நீ சிரித்தாய். "போகச் சொல்லோ வழி வுடும், வரச் சொல்லோ வுடாது. இதுக்கா நாலு வருசம் படிச்ச?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு ஆயுத பூஜை வந்தது. எங்கள் சர்ச் குடும்பத்தில் பொட்டு வைக்கும் வழக்கமில்லை. நான் ஒதுங்கி நிற்பதைப் பார்த்து, "உன் பங்குக்கும் நானே வெச்சிட்றேன், நீ பொரி துன்னு" என்று, ஸ்பேர் பாகங்களுக்குக்கூடச் சந்தனம் குங்குமம் வைத்தாய். அடுத்த நாள் அந்த மேஜைக்குப் புது வால்வு மாற்றும் வேலை எனக்கு வந்தது. வால்வில் எண்ணெய் போகும் திசையைக் காட்டும் அம்புக்குறியின் மேல் சரியாக உன் பொட்டு காய்ந்திருந்தது. துடைத்தால் திசை தெரிந்துவிடும். ஆனால் சர்ச்சுக்குப் போகிறவள் சாமிப் பொட்டை அழித்தாள் என்று யாராவது சொல்லிவிட்டால்? வாயால் ஊதிப் பார்த்திருந்தாலே போதும். அதற்கும் பார்ப்பவர்கள் சிரிப்பார்களோ என்றிருந்தது. உன்னைக் கேட்டிருக்கலாம். உன்னைக் கேட்க மட்டும் மனம் வரவில்லை. ஊகித்து மாட்டினேன். தலைகீழாக.

பம்ப் அலறியது, மேஜை அசையவில்லை. எண்ணெய் சூடேறும் வாடை வந்தது. சூப்பர்வைசர் ஓடி வந்து, "எவரம்மா ஃபிட் சேசிந்தி?" என்று தெலுங்கில், மாட்டியது யார் எனக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான் சார். பொட்டு வெச்சி அம்பை மறைச்சதும் நான், மாட்னதும் நான்" என்றாய். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பத்து நிமிடத்தில் திருப்பி மாட்டினாய். தப்பை ஏற்றுக்கொண்டும் நீயே எல்லோருக்கும் பிடித்தவளாக இருந்தாய். அதற்கும் எனக்குப் பொறாமை. ஆனாலும் தப்பு உன் பேரில்தான் பதிவானது. அடுத்த மாதம் அந்த இடம் எனக்கு வந்தது. உனக்கு இன்னும் ஆறு மாதம் பயிற்சி என்றார்கள். "எனக்கு ஒரு பிரியாணி வாங்கித் தா, போதும்" என்றாய்.

வாங்கித் தருவதற்குள் காய்ச்சலில் போய்விட்டாய். நம் ஷிஃப்ட் ஆட்கள் எல்லோரும் உன் வீட்டு வாசலில் நின்று அழுதார்கள். நான் செத்தால் இத்தனை பேர் வருவார்களா என்று அங்கே நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போதும் மேஜை இறங்கினால் முதலில் தரையைத்தான் தொட்டுப் பார்க்கிறேன். புதிதாக வந்தவர்கள், மேடம் எவ்வளவு கெட்டிக்காரர் என்கிறார்கள். நான் மறுப்பதில்லை.

தலைகீழாக மாட்டியது நான்தான் என்று சூப்பர்வைசரிடம் நேற்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை விஜயபுரம் வருகிறேன், உன் அம்மாவிடம் சொல்ல. இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். நான் தலை குனிந்து நிற்பேன். அவரும் உன்னைப் போலத்தான். பரவாயில்லை, போய் சாப்பிடு என்று சொல்லிவிடுவார் போலிருக்கிறது.

இதைத்தான் கேட்க வந்தேன். அந்த வீட்டில் நீ எந்த மூலையில் இருந்தாலும் சரி, நான் எவ்வளவு நேரம் ஊமையாக நின்றாலும் சரி, இந்த ஒரு தடவை எனக்கு முந்திப் பேசிவிடாதே.